மைனா நின்ற இடங்கள்

இன்று காலை எத்திராஜு வீட்டில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது. நம் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம்தான் அவனுடைய அடுப்பு. வாசனை வந்ததும் இடுப்பில் இருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றேன். மற்றவர்களுக்கு அது குதிரைத் தீனியின் வாசனை. எனக்கு உங்கள் சட்டையின் வாசனை. நம் குதிரை மைனா வேலிக்கு மேலே தலையை நீட்டி என்னைப் பார்த்தது.

அப்போதுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் எழுத்தைப் பார்த்தால், "இன்னா ஜைனு, கோழி கிண்டின மாதிரி கீது" என்று சிரிப்பீர்கள். இப்போது சிரிக்க ஆள் இல்லை, அதனால் தைரியமாக எழுதுகிறேன். உங்களிடம் கேட்க ஒரு கேள்வியும் இருக்கிறது. அதைக் கடைசியில் கேட்கிறேன்.

நீங்கள் எவ்வளவு பெரிய ஆள் என்பதை உங்கள் ஜட்காவில் ஏறியவர்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டு சக்கர வண்டி. பாரம் முன்னால் சாய்ந்தால் குதிரையின் முதுகை அழுத்தும். பின்னால் சாய்ந்தால் குதிரையையே தூக்கப் பார்க்கும். செங்கல்பட்டு ஸ்டேஷன் ஸ்டாண்டில் மற்ற வண்டிக்காரர்கள் ஆளுக்குத் தக்கபடி, முன்னால் வா, பின்னால் போ என்று சொல்லிச் சரிசெய்வார்கள். உங்கள் வாயில் ஒரே பேச்சுதான்: "எல்லாரும் பின்னால நவுந்து குந்துங்க." ஒல்லியான ஆள் தனியாக வந்தால் பின்பலகையில் ஒரு மூட்டை மணலை ஏற்றிவிட்டுத்தான் அவரை ஏற்றுவீர்கள். அடுத்த வண்டியிலிருந்து எத்திராஜு கத்துவான்: "அண்ணாத்த, மூட்டைக்கும் சேத்து சவாரி கேளு!" நீங்கள் கோபப்பட்டதே இல்லை. "அது உன்னவிட ஒழுங்கா குந்துதுடா" என்பீர்கள்.

கல்யாணத்தில் நீங்கள் இப்படி இல்லை. பிறகு வருஷத்துக்கு வருஷம் ஏறினீர்கள். வயிற்றைவிடக் கழுத்துதான் எனக்கு ஆச்சரியம். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் கழுத்து என்று ஒன்று இருந்த இடமே தெரியாமல் போயிற்று. சட்டையின் மேல் பொத்தான் எட்டாது. தையல்காரர் நாடாவை வைத்து அளந்துவிட்டு மறுபடியும் அளப்பார்.

ஆனால் என்னைப் போட்டுக் குடைந்தது உங்கள் உடம்பு இல்லை, தூக்கம். சோற்றுத் தட்டின் முன்னால் கை நிற்கும், தலை தொங்கும். நாவிதர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது தூங்கிவிடுவீர்கள், அவர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி பயந்து உட்கார்ந்திருப்பார். வெள்ளிக்கிழமை ஜும்மாவில் இமாம் பயான் பேசத் தொடங்கினால் போதும். தூங்கினால் ஒளு முறிந்துவிடும் அல்லவா, எல்லோரும் தொழுகைக்கு எழும்போது நீங்கள் மட்டும் அத்தனை வரிசைகளையும் தாண்டித் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், மறுபடி முகம் கை கால் கழுவி வர வேண்டும். என் அண்ணன் காதர் நேராக நம் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வார்: "உன் வூட்டுக்காரரு பள்ளிவாசலுக்கு வர்றது தொழவா, குளிக்கவா?"

எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். தின்கிறார், தூங்குகிறார், சோம்பல். ஒருத்தி கண் பட்டிருக்கிறது என்று தர்காவில் கயிறு மந்திரித்துக் கொடுத்தாள். இன்னொருத்தி, பகலில் இப்படித் தூங்குகிறவருக்கு ராத்திரித் தூக்கம் போதவில்லை, கசகசாப் பால் கொடு என்றாள். கொடுத்துப் பார்த்தால் இன்னும் மோசம். எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. ராத்திரி இஷா தொழுதுவிட்டுப் படுப்பவர் விடியற்காலை பஜ்ருக்குத்தான் எழுகிறார். அத்தனை நேரம் தூங்கியவர் ஏன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தலை வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார்? ஊற்றிக்கொண்டே இருக்கிறோம், குடம் நிறையவில்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையை நான் தேடிக்கொண்டே இருந்தேன்.

அதைக் காட்டிக் கொடுத்தது மைனாதான்.

சதுரங்கப்பட்டினத்தில் என் அக்கா வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போன நாள் நினைவிருக்கிறதா? திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. கடல் பக்கத்துக் காற்று எதிரே வந்தது. நீங்கள் லகானை மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டீர்கள். குறட்டை, வண்டிச் சத்தத்துக்கு மேல். மைனா தன்பாட்டுக்கு நடந்தது. திடீரென்று குறட்டை நின்றது. மைனாவும் நின்றது. நீங்கள் விழித்து லகானை இழுத்தீர்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். லகான் மடியிலேயே தளர்ந்து கிடந்தது. மைனா காதைப் பின்னால் திருப்பிக்கொண்டு நின்றது. பிறகு நீங்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருகிறவரைப் போல ஒரு பெரிய இழுப்பு இழுத்தீர்கள். மைனா நடந்தது.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கதை. மறுபடி நின்றது. இந்தத் தடவை நான் முன்னால் நகர்ந்து உங்கள் மூக்கின் கீழே விரலை வைத்தேன். காற்றே இல்லை. ஆனால் மார்பைப் பார்த்தால் அது ஏறி இறங்குகிறது, வயிறு இழுக்கிறது. உள்ளே துருத்தி ஊதுகிறது, வாயில் காற்று வரவில்லை. இது என்ன விந்தை? உங்களை உலுக்கினேன். "இன்னா, வந்துட்டமா?" என்று கேட்டீர்கள். தூங்கவே இல்லை என்று சத்தியம் வேறு செய்தீர்கள்.

ஊருக்குத் திரும்பி எத்திராஜிடம் கேட்டேன். அவன் சிரித்தான். "இது ஸ்டாண்டுக்கே தெரிஞ்ச கத அண்ணி. அண்ணாத்தைக்கு சாட்டையே வாணாம். கொறட்ட வுட்டா வண்டி போவும், கொறட்ட நின்னா வண்டி நிக்கும்." குதிரையைப் பார்த்துச் சிரித்தார்களே தவிர, குறட்டை ஏன் நிற்கிறது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் காதர் அண்ணன் பழைய அம்பாசிடர் கார் ஒன்றை வாங்கினார். மகாபலிபுரத்துக்கு வெளியூர்க்காரர்கள் நிறைய வரத் தொடங்கியிருந்தார்கள். நீங்கள் சின்ன வயதில் அரிசி மண்டி லாரி ஓட்டியவர், லைசென்ஸ் இருந்தது. அண்ணன் நம் வீட்டுக்கே வந்து சாவியை உங்கள் கையில் வைத்தார். "மச்சான், வர்ற ஞாயித்துக்கெழம ஒரு வெள்ளக்காரக் குடும்பம் வருது. புள்ளகுட்டியோட. கோயிலு, கடற்கர எல்லாம் காட்டிட்டு கொண்டாந்து வுட்ரு. அப்பால வண்டி உன்னுதுதான்னு வச்சுக்க."

உங்கள் முகம் அன்று எப்படி இருந்தது! கார் ஆசை இல்லை அது, எனக்குத் தெரியும். மைனாவின் முதுகில் சேணத்துக்கு அடியில் புண் வைத்திருந்தது. எவ்வளவு மணல் மூட்டை வைத்தாலும் உங்கள் பாரம் அதன் மேல்தான் இறங்கியது. தினமும் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவும்போது, "என்னால தாண்டி உனுக்கு" என்று அதன் காதில் சொல்வீர்கள். கார் கிடைத்தால் அதற்கு ஓய்வு. அதுதான் உங்கள் கணக்கு.

"கார் வேணாங்க" என்றேன்.

"ஏன்?"

"தூங்கிடுவீங்க."

"நீயுமா ஜைனு?" என்றீர்கள். "ஊரே சோம்பேறின்றது. வூட்லயும் ஆரம்பிச்சிட்டியா?"

"சோம்பேறின்னு சொல்லல. ஜட்கால தூங்கினா மைனா பாத்துக்குது. காருக்கு காது இல்லீங்க."

நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். சாவி உங்கள் பையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டும். நீங்கள் மட்டுமா, காரில் பிள்ளைகளும் இருப்பார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மதராஸிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் டாக்டர் ஒருவர் நம் ஸ்டாண்டில்தான் வண்டி பிடிப்பார். கையில் எப்போதும் குடை. மறுநாள் நீங்கள் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"டாக்டரய்யா, தூங்கச்சொல்ல மூச்சு நிக்குமா?"

"நின்னா ஆளு போயிடுவாங்கம்மா."

"இவரு நின்னு நின்னு திரும்பி வராரு."

"யாரு பாத்தது?"

"மொதல்ல பாத்தது குதுர. அப்பறம் நான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எத்திராஜும் சேர்ந்து சிரித்தான். பிறகு டாக்டர் எதையோ யோசித்தவராக, "மூச்சு நின்னப்ப நெஞ்சு அசைஞ்சுதா?" என்று கேட்டார்.

"அசஞ்சுது. மூக்குல காத்து இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. குடையை மடக்கிக்கொண்டு, "வண்டி எது?" என்றார்.

டாக்டருக்கு ஏரிக்கரைப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது என்று உங்களிடம் சொன்னோம். நானும் ஏறிக்கொண்டேன். மணல் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு எத்திராஜு பின்பலகையில் உட்கார்ந்தான். "இன்னிக்கு நாந்தான் மூட்ட" என்றான். கொளவாய் ஏரிக்கரையில் காற்று பட்டதும் உங்கள் தலை சாய்ந்தது. குறட்டை தொடங்கியது. டாக்டர் மெதுவாக முன்னால் வந்து உங்கள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். குறட்டை நின்றது, மைனா நின்றது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மைனாவைப் பார்த்தேன். உங்கள் உதட்டில் நீலம் பாய்ந்தது. அந்தப் பெரிய இழுப்பு வந்தது. மைனா நடந்தது. கரையில் பாதி தூரம் போவதற்குள் எத்தனை தடவை நின்றோமோ! பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அடித்து, "குதுரைய ஓட்றீங்களா, வேண்டுதலா?" என்று கத்திக்கொண்டே தாண்டிப் போனான். அதற்கும் நீங்கள் எழவில்லை.

டாக்டர் உங்கள் தோளைத் தட்டினார். "வண்டிக்காரரே, எங்க வந்திருக்கோம்?"

கண்ணைத் திறக்காமலே, "ஆஸ்பத்திரி வாசல் சார். எறங்குங்க" என்றீர்கள்.

கண்ணைத் திறந்தபோது எதிரே ஏரிதான் இருந்தது. எத்திராஜுகூடச் சிரிக்கவில்லை. நீங்கள் தண்ணீரைப் பார்த்தீர்கள், சாலையைப் பார்த்தீர்கள், மடியில் கிடந்த லகானைப் பார்த்தீர்கள். "இது ஸ்டீரிங்கா இருந்திருந்தா…" என்று நீங்களே தொடங்கி நிறுத்திவிட்டீர்கள். பிறகு இறங்கி மைனாவின் முன்னால் போய், அதன் முகத்தை இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு, "உனுக்குத் தெரிஞ்சிருக்குது. எனுக்குத்தான் தெரியல" என்றீர்கள்.

டாக்டர் சோடாக்கடையில் வைத்து எனக்கு விளங்கும்படி சொன்னார். சோடா உறிஞ்சும் காகிதக் குழாயைத் தண்ணீரில் நனைத்து என்னிடம் கொடுத்து, வேகமாக உறிஞ்சச் சொன்னார். குழாய் சப்பென்று ஒட்டிக்கொண்டது. எவ்வளவு இழுத்தாலும் சோடா வரவில்லை. "இதாம்மா. உடம்பு பெருத்தா தொண்டையைச் சுத்தியும் சதை வச்சுடுது. தூங்கும்போது எல்லாம் தளர்ந்து வழி மூடிக்குது. நெஞ்சு இழுக்குது, காத்து போகல. மூச்சு முட்டி, மூளை அவரை அரைகுறையா எழுப்பி விடுது. ராத்திரி முழுக்க இதே வேலை. அவரு தூங்கலம்மா, தூக்கத்துல போராடிட்டு இருக்காரு."

அந்த ஒரு வார்த்தையில் இத்தனை வருஷத்துக் குடத்தின் ஓட்டை எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் சோம்பேறி இல்லை. ஊரிலேயே அதிகம் உழைத்தது நீங்கள்தான், அதுவும் படுத்துக்கொண்டு.

காலையில் வரும் தலைவலிக்கும் இதுதான் காரணம், சாயங்காலமானால் உங்கள் கால் வீங்குமே, அது இதயம் களைத்துப்போவதால் என்றும் சொன்னார். ரத்தக் கொதிப்பு ஏறும், இப்படியே விட்டால் இதயம் ஒருநாள் கைவிட்டுவிடும் என்றார். முன்பாரம் ஏறிய மைனாவின் முதுகுதான் என் கண்ணில் வந்தது. "மருந்து?" என்று கேட்டேன். "எங்க புஸ்தகத்துலயே இதைப் பத்திக் கொஞ்சந்தான் எழுதியிருக்கு. சில ஊர்ல கழுத்துல துளை போட்டு, அது வழியா மூச்சு விட வைக்கிறாங்களாம். முதல்ல உடம்பைக் குறைக்கணும். மல்லாந்து படுக்கக் கூடாது. தூக்க மாத்திரை, கசகசா ஒண்ணும் கூடாது. காரைத் தொடவே கூடாது" என்றார். துளை என்றதும் நீங்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "சார், இதுல எடம் எங்க கீது?" என்றீர்கள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

சனிக்கிழமையே அண்ணனிடம் போய்ச் சாவியைக் கொடுத்தீர்கள். "மச்சான், இத வாங்கிக்க. என் வண்டிக்கு காது ஓணும்." அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். என் வார்த்தையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்களே, அதற்காக.

பிறகு நடந்தது நம் வீட்டுக் கூத்து. நீங்கள் மல்லாந்து படுக்காமல் இருக்க, தேங்காய் நாரைப் பந்தாகச் சுருட்டி உங்கள் பனியனின் முதுகில் வைத்துத் தைத்தேன். "ஒட்டகமாக்கிட்டியே ஜைனு" என்று புலம்பினீர்கள். சோற்றைக் குறைத்தேன். மைனாவுக்கு வேகவைக்கும் கொள்ளிலேயே உங்களுக்கும் ஒரு கிண்ணம். முதல் நாள் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "என் சோறு எங்க, மைனாவாண்ட போயிடுச்சா?" என்று கேட்டீர்கள். சவாரி இல்லாத நேரத்தில் வண்டியில் ஏறாமல் மைனாவின் பக்கத்தில் நடந்தே வந்தீர்கள். அதன் புண் ஆறியது. உங்கள் சட்டையில் ஒரு பொத்தான் எட்டியது. ஒரு ஜும்மாவில் பயான் முழுவதும் விழித்திருந்தீர்கள். அண்ணன் ஓடி வந்து சொன்னார்: "இன்னிக்கு தொட்டிப் பக்கமே போவலம்மா!" அன்று நான் சேமியாப் பாயசம் வைத்தேன். உங்களுக்கு ஒரே ஒரு கரண்டி.

அந்தப் பொத்தானுக்கு மேல் அடுத்த பொத்தான் எட்டவில்லை. இதயம் அதற்கு முன்பே நிறைய இழுத்துவிட்டது போலிருக்கிறது. இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒருநாள் முற்பகல், சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஏரிக்கரையில் வண்டி நின்றிருந்தது. எதிரே வந்த எத்திராஜு வழக்கம்போலத்தான் இருக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தானாம். பிறகு அவன் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "காதைப் பின்னால வச்சுகினு நின்னுகினே இருந்துச்சு அண்ணி. நான் புடிச்சு இழுத்தும் வரல."

நீங்கள் போன பிறகு, வெளியே வராமல் இத்தா இருந்த மாதங்களில் நான் உள்ளறையிலேயே இருந்தேன். மைனாவை எத்திராஜு வைத்துக்கொண்டான். வேலிக்கு அப்பாலிருந்து அதன் கனைப்பு கேட்கும். அது யாரைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியும்.

இத்தா முடிந்து முதல் பயணம் அக்கா வீட்டுக்குத்தான். போன வாரம். எத்திராஜு வண்டி, மைனா. வழியில் திருக்கழுக்குன்றம் போக வேண்டிய ஒரு அம்மா ஏறிக்கொண்டாள். நல்ல பருமன். ஏறியதும் வண்டி முன்னால் சாய்ந்தது. எத்திராஜு அவனை அறியாமலே, "பின்னால நவுந்து குந்தும்மா" என்றான். உங்கள் பேச்சு அது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் அந்த அம்மா தூங்கிவிட்டாள். குறட்டை. கொஞ்ச தூரத்தில் குறட்டை நின்றது.

மைனா நின்றது.

எத்திராஜு லகானைச் சுண்டினான். அசையவில்லை. "இன்னா அண்ணி இது? அண்ணாத்த போனப்பறம் இது ஒரு தபாகூட இப்டி நின்னதில்லயே" என்றான். அவன் குரல் மாறிவிட்டது. மைனாவின் காது பின்னால் திரும்பியிருந்தது. நான் அந்த அம்மாவின் மூக்கின் கீழே விரலை வைத்தேன். மார்பு இழுத்தது, காற்று இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"இன்னாம்மா நீ, நிம்மதியா தூங்கறவள எழுப்பற?" என்று சண்டைக்கு வந்தாள்.

"நீ தூங்கலம்மா. போராடிகினு இருந்த" என்றேன். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். காலையில் தலைவலியா என்று கேட்டேன். "ஆமா" என்றாள். கால் வீங்குதா? "ஆமா." பகலெல்லாம் தூக்கமா? "எங்க வூட்ல என்ன மலப்பாம்புன்றாங்க. உனுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாள்.

"குதுர" என்றேன். எத்திராஜு முன்னால் குனிந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

திருக்கழுக்குன்றத்தில் இறங்கும்போது அந்த அம்மா டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று விசாரித்தாள். இரண்டடி போய்த் திரும்பி வந்து, எதற்கோ மைனாவின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வண்டியில் நானும் எத்திராஜும்தான். இப்போது என் கேள்விக்கு வருகிறேன். கடல் காற்று வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு உங்களைப் போலவே குறட்டை விட்டுப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு மூச்சை அடக்கிக்கொண்டேன், நெஞ்சு வலிக்கும் வரைக்கும். மைனா நிற்கவே இல்லை. அது பாட்டுக்கு நடந்தது. காதைக்கூடத் திருப்பவில்லை.

பொய்யாக அடக்கிய மூச்சும் அடைபட்ட மூச்சும் அதற்கு எப்படி வேறு வேறாகத் தெரிகிறது? உங்களிடமிருந்து அது எதைக் கேட்டுக் கற்றுக்கொண்டது? அத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்த எனக்குக் கேட்காதது அதற்கு எப்படிக் கேட்டது? டாக்டரிடம் கேட்டால், "எனக்கும் தெரியலம்மா" என்கிறார். உங்களைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. இல்லை, உங்களுக்கும் தெரியாது. இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்திருப்போம், அவ்வளவுதான். அதற்குத்தான் ஆள் இல்லை.

அன்று வண்டியில் எத்திராஜு திரும்பிப் பார்த்தான். "இன்னா அண்ணி, தூங்கிட்டீங்களா?"

"இல்லப்பா" என்றேன். "கேட்டுகினு இருக்கேன்."